நகையும் அழுகையும்: ‘பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ அசைவூட்டத் தொடரின் ‘சில் ஆஃப் தி நைட்’ அத்தியாயம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிறுவர்க்கென நகைச்சுவை மேலோங்க உருவாக்கப்பட்ட சாகச நாயகர் தொடர் ஒன்று கொலை, இழப்பு, பழிவாங்கல் ஆகிய கனத்த பொருள்களைக் கையாளும்போது தன் இயல்பைக் கைவிட வேண்டியிருக்கிறதா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை ஒளிபரப்பான ‘பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ தொடரில் 2010இல் வெளிவந்த ‘சில் ஆஃப் தி நைட்’ என்னும் அத்தியாயம் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகை, அழுகை, வெகுளி, பெருமிதம், உவகை ஆகிய மெய்ப்பாடுகளும் அவற்றின் நிலைக்களன்களும் திறனாய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. அத்தியாயம் தன் விளையாட்டுத் தன்மையை ஒதுக்கிவைத்துவிட்டுத் துயரத்தைப் பேசவில்லை என்பதும், விளையாட்டுக்குரிய உத்திகளையே துயரத்தைத் தாங்கும் உறுப்புகளாக மாற்றுகிறது என்பதும் நிறுவப்படுகின்றன. அதன் முடிவில் உள்ள அறச்சிக்கலும் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: அசைவூட்டத் தொடர், சாகச நாயகர், மெய்ப்பாடு, நகை, அழுகை, வெகுளி, பழிவாங்கல், சிறுவர் படைப்பு.

முன்னுரை

வெகுமக்கள் படைப்புகளை மதிப்பிடுவோரிடையே நிலைபெற்றுள்ள ஓர் எண்ணம், கனத்த பொருளுக்கு இருண்ட நடையே பொருந்தும் என்பதாகும். பேட்மேன் என்னும் பாத்திரத்தின் வரலாற்றில் இவ்வெண்ணம் தெளிவாக வெளிப்பட்டுள்ளது. 1986இல் ஃபிராங்க் மில்லர் படைத்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ என்னும் சித்திரக்கதையும், 2008இல் கிறிஸ்டோபர் நோலன் இயக்கத்தில் வெளிவந்த ‘தி டார்க் நைட்’ திரைப்படமும் இப்பாத்திரத்தைக் கடுமையும் இருளும் நிறைந்ததாக மக்கள் மனத்தில் நிறுத்தின. இதற்கு மாறான மகிழ்வுநடைப் பேட்மேன் சிறுபிள்ளைத்தனமானவன் என்னும் கருத்தும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது.

நோலனின் திரைப்படம் வெளிவந்த அதே 2008ஆம் ஆண்டின் நவம்பரில்தான் ‘பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ தொடங்கியது. காலத்தின் போக்குக்கு எதிர்த்திசையில் சென்ற இத்தொடர், இருண்ட நடையைக் கைக்கொள்ளாமலே இப்பாத்திரத்தின் அடிப்படைத் துயரத்தைத் தொட்ட இடம் ‘சில் ஆஃப் தி நைட்’ ஆகும். பெற்றோர் தன் கண்ணெதிரே கொல்லப்படுவதைக் கண்ட சிறுவன் ஒருவனின் கதையை, நகைச்சுவைத் தொடர் எவ்வாறு சொல்ல முடியும்? சொல்லும்போது நகை அழிகிறதா, அழுகை மலிவாகிறதா, அன்றி இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா? இவ்வினாக்களே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாக அமைகின்றன.

மெய்ப்பாட்டியலை அளவுகோலாகக் கொள்வதன் பொருத்தம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளையும் அவை ஒவ்வொன்றும் தோன்றுவதற்கான நந்நான்கு நிலைக்களன்களையும் வகுத்துரைக்கிறது. செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இவ்விலக்கணத்தை அயல்நாட்டு அசைவூட்டத் தொடருக்குப் பொருத்துவது, அப்படைப்பைத் தமிழ் மரபுக்குள் இழுத்துவருவதற்காக அன்று. ஓர் உணர்வு எதனால் தோன்றுகிறது என்பதைக் காரணத்துடன் பிரித்துக்காட்டும் துல்லியம் இவ்வியலுக்கு உண்டு. ‘உணர்ச்சிகரமான அத்தியாயம்’ என்று பொதுவாகப் பாராட்டிவிட்டு நகரும் விமர்சனத்தில் அத்துல்லியம் காணப்படுவதில்லை.

இரண்டு செய்திகள் இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, மெய்ப்பாடுகளின் வரிசையில் முதலாவதாக நகையும், அதனை அடுத்து அழுகையும் வைக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, உவகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக ‘விளையாட்டு’ கூறப்படுகிறது. விளையாட்டு என்பது பொருளற்ற பொழுதுபோக்காக அன்றி, ஒரு மெய்ப்பாடு பிறக்கும் களமாகவே இலக்கணத்தில் இடம்பெறுகிறது. இவ்விரண்டாம் செய்தி, பின்னர் இவ்வத்தியாயத்தின் மையக் காட்சியை விளக்கத் துணைபுரியும்.

தொடரின் இயல்பு

ஜேம்ஸ் டக்கர், மைக்கேல் ஜெலெனிக் ஆகியோரால் உருவாக்கப்பட்ட இத்தொடர் மூன்று பருவங்களில் 65 அத்தியாயங்களைக் கொண்டது. 1955இல் தொடங்கிய ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ என்னும் சித்திரக்கதை இதழின் பெயரை இது ஏற்றது. அவ்விதழ் பிற்காலத்தில், ஒவ்வோர் இதழிலும் பேட்மேன் வேறொரு நாயகருடன் இணைந்து செயல்படும் கதைகளுக்குப் புகழ்பெற்றது. தொடரும் அம்முறையையே பின்பற்றியது. தலைப்புக்கு முன் ஒரு குறுஞ்சாகசம், தலைப்புக்குப் பின் ஒரு முதன்மைக் கதை, இரண்டிலும் ஏதேனும் ஒரு துணைநாயகர் என்பது இதன் வழக்கமான கட்டமைப்பு. 1950களின் சித்திரக்கதைகளை நினைவூட்டும் தடித்த கோடுகளும் ஒளிமிக்க வண்ணங்களும் இதன் ஓவிய நடை. தன் வீரச்செயல்களைத் தானே வியந்து பேசும் அக்வாமேன், ஓர் அத்தியாயம் முழுவதையும் இசைநாடகமாக மாற்றிய மியூசிக் மைஸ்டர் போன்ற பாத்திரங்கள் இதன் நகைக்குச் சான்றுகள்.

எனினும் இழப்பு இத்தொடருக்கு முற்றிலும் புதியதன்று. ‘தி லாஸ்ட் பேட்ரோல்’ அத்தியாயத்தில் டூம் பேட்ரோல் குழுவினர் ஒரு சிற்றூர் மக்களைக் காக்கத் தம் உயிரைக் கொடுக்கின்றனர். ‘தி சீஜ் ஆஃப் ஸ்டாரோ’ அத்தியாயத்தில், அதுவரை எளிய நகைப்புக்குரியவனாக இருந்த பிவானா பீஸ்ட் உலகைக் காத்து மடிகிறான். ‘தி நைட்ஸ் ஆஃப் டுமாரோ’வில் பேட்மேனே இறக்கிறான். ஆனால் அந்நிகழ்வுகள் பணியாளர் ஆல்ஃபிரட் எழுதும் கற்பனைக் கதை என்னும் சட்டகத்துக்குள் அமைகின்றன. முதலிரண்டிலும் இழப்பு தியாகமாக உயர்த்தப்பட்டுப் பெருமிதமாகிறது. மூன்றாவதில் அது கற்பனை என்று விலக்கிக்கொள்ளும் வசதி பார்வையாளருக்கு உண்டு. ‘சில் ஆஃப் தி நைட்’டில் இவ்விரு தப்பிக்கும் வழிகளும் இல்லை. தாமஸ் வெய்ன், மார்த்தா வெய்ன் ஆகியோரின் இறப்பு யாரையும் காப்பதற்காக நிகழ்ந்ததன்று. கதைக்குள் அது கற்பனையும் அன்று. எனவே தொடரின் நகைநடை உண்மையான சோதனைக்கு உள்ளாகும் இடம் இதுவே எனலாம்.

கதையும் அதன் மூலங்களும்

இவ்வத்தியாயத்தை எழுதியவர் பால் டினி. 1992இல் தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரில், பனித்துப்பாக்கியோடு திரியும் வேடிக்கை வில்லனாக இருந்த மிஸ்டர் ஃப்ரீஸுக்கு நோயுற்ற மனைவியின் பொருட்டான துயரத்தை அளித்து ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்னும் அத்தியாயத்தை எழுதியவரும் இவரே. அதற்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது. ஆயினும் அத்தொடரின் நடை தொடக்கம் முதலே இருண்டது. மகிழ்வுநடைத் தொடரில் துயரத்தை வைப்பது வேறுவகைப் பணி.

அத்தியாயத்தின் கதை பின்வருமாறு அமைகிறது. மரணப்படுக்கையில் இருக்கும் லூ மாக்சன் என்னும் குற்றக்கும்பல் தலைவன், தாமஸ் வெய்னைக் கொல்ல ஆள் அமர்த்தியவன் தானே என்று ஒரு பாதிரியாரிடம் ஒப்புக்கொள்கிறான். அப்பாதிரியார் மாறுவேடத்தில் இருக்கும் பேட்மேன். இந்நிலையில் ஃபான்டம் ஸ்ட்ரேஞ்சர், ஸ்பெக்டர் என்னும் இயல்கடந்த இருவர் அவனைக் குறித்து வாதிடுகின்றனர். கொலையாளியை அறிந்தால் அவன் பழிவாங்குவான் என்பது ஸ்பெக்டரின் துணிபு. நீதியின் பக்கமே நிற்பான் என்பது ஸ்ட்ரேஞ்சரின் நம்பிக்கை. ஸ்ட்ரேஞ்சர் அவனைக் கடந்த காலத்துக்கு, அவன் பெற்றோர் கலந்துகொள்ளும் மாறுவேட விருந்துக்கு அழைத்துச் செல்கிறார். அங்கு மாக்சனின் கும்பல் புகுந்தபோது தந்தையும் மகனும் இணைந்து அவர்களை எதிர்க்கின்றனர். பின்னர், ஜோ சில் என்பவனே கொலையாளி என்பது தெரியவருகிறது. ‘சில்’ என்னும் ஆங்கிலச் சொல் குளிர்நடுக்கத்தைக் குறிப்பதால் அத்தியாயத்தின் தலைப்பே இரட்டுறமொழிதலாக அமைகிறது. நிகழ்காலத்தில் அவன் வில்லன்களுக்கு ஆயுதம் விற்பவன். அவனை எதிர்கொள்ளும் பேட்மேன் தான் யார் என்பதை வெளிப்படுத்துகிறான். அஞ்சியோடிய சில், வில்லன்களிடம் அடைக்கலம் தேடுகையில் பேட்மேன் உருவாகத் தானே காரணம் என்று கூறிவிட, அவர்களின் சினம் அவன்மேல் திரும்புகிறது. அதனைத் தொடர்ந்த மோதலின் இடிபாட்டில் சில் இறக்கிறான்.

இக்கதையின் உறுப்புகள் பல பழையவை. பேட்மேனின் பெற்றோர் கொலை முதலில் 1939 நவம்பர் தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 33ஆம் இதழில் சொல்லப்பட்டது. அங்குக் கொலையாளிக்குப் பெயர் இல்லை. பில் ஃபிங்கர் எழுதிய 1948ஆம் ஆண்டின் ‘பேட்மேன்’ 47ஆம் இதழ்க் கதையில் அவன் ஜோ சில் என்னும் பெயரைப் பெறுகிறான். முகமூடியை நீக்கி அவனை நாயகன் எதிர்கொள்வதும், தன்னால்தான் பேட்மேன் தோன்றினான் என்று கூறிய அவனை அவன் கூட்டாளிகளே கொல்வதும் அக்கதையில் உள்ளவை. 1956ஆம் ஆண்டின் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 235ஆம் இதழில், தாமஸ் வெய்ன் மாறுவேட விருந்துக்கு வௌவால் உடை அணிந்து சென்றதும், மாக்சன் ஏவிய கொலையே சில் செய்தது என்பதும் சேர்க்கப்பட்டன. டினி இவ்விரு கதைகளையும் ஒன்றிணைத்து, காலப்பயணத்தால் மகனையும் அவ்விருந்துக்குள் கொண்டுவருகிறார். 1956ஆம் ஆண்டுக் கதையில் மகனுக்குத் தந்தையின் உடையும் பழைய சான்றுகளுமே கிடைத்தன. 2010ஆம் ஆண்டின் அத்தியாயத்தில் தந்தையே கிடைக்கிறார். உணர்வின் அளவை மாற்றுவது இச்சேர்க்கையே ஆகும்.

விளையாட்டு உத்திகள் துயரத்தைத் தாங்குதல்

இவ்வத்தியாயம் தொடரின் வழக்கமான உத்திகளுள் எதனையும் விலக்கவில்லை. தலைப்புக்கு முந்தைய பகுதியில் மாயவித்தைக்காரி ஸட்டானாவும் பேட்மேனும் ஆப்ரா கடாப்ரா என்னும் வித்தைக்கார வில்லனை முறியடிக்கின்றனர். வண்ணநடை மாறவில்லை. வில்லன்களின் கூட்டம் வழக்கம்போல் வருகிறது. ஆயினும் மூன்று உத்திகள் புதிய பணியை ஏற்கின்றன.

முதலாவது, துணைநாயகர் மரபு. ஒவ்வோர் அத்தியாயத்திலும் இம்முறை பேட்மேனுடன் இணைபவர் யார் என்பது பார்வையாளரின் எதிர்பார்ப்பு. இங்கு அவ்விடத்தை நிரப்புபவர் தாமஸ் வெய்ன். தோளோடு தோள் நின்று இருவர் கயவரை எதிர்ப்பது இத்தொடர் வாரந்தோறும் காட்டிய காட்சியே. ஆனால் இவ்விருவருள் ஒருவருக்கு மட்டுமே மற்றவர் யார் என்பதும், அவர் விரைவில் கொல்லப்படுவார் என்பதும் தெரியும். பழகிய காட்சிவடிவம் மாறாமல் இருக்க, அறிவின் ஏற்றத்தாழ்வு மட்டும் அதனுள் நுழைகிறது. உவகைக்குரிய காட்சி அவ்வாறே அழுகைக்குரியதாகிறது. அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய ‘இழவு’ என்பதை உரையாசிரியர்கள் பெற்றோர் முதலாகிய சுற்றத்தை இழத்தலாக விளக்குவர். இங்கு இழவு முன்பே நிகழ்ந்துவிட்டது, இனியும் நிகழவிருக்கிறது. இவ்விரட்டை நிலையை நடப்பியல் சார்ந்த கதை எளிதில் எட்ட முடியாது. காலப்பயணத்தைச் சாதாரணமாக ஏற்கும் விளையாட்டுக் கதையால் அது இயல்கிறது.

இரண்டாவது, முகமூடி. இருண்ட நடைக் கதைகளில் முகமூடி, மனிதரிடமிருந்து நாயகனைப் பிரிக்கும் திரை. மாறுவேட விருந்திலோ முகமூடி அணிந்தவரே இயல்பானவர். வௌவால் உடையில் ஓர் அயலார் வந்து நிற்பதை எவரும் வியப்பாகக் கொள்ளவில்லை. தாய் தந்தையரின் முன் மகன் நின்று பேச இயல்வதற்கு அந்த வேடிக்கை விருந்தே காரணம். முகத்தைக் காட்டியிருந்தால் அச்சந்திப்பு நிகழ்ந்திருக்க முடியாது. நகைக்குரிய பொருளாகத் தோன்றும் உடை, ஒருமுறை மட்டும் வாய்க்கும் அணுக்கத்துக்கு வாயிலாகிறது.

மூன்றாவது, உடையின் தோற்றக்கதை. 1939ஆம் ஆண்டின் மூலக்கதையில் சன்னல் வழியே பறந்துவரும் ஒரு வௌவால் நாயகனுக்கு வடிவத்தை அளிக்கிறது. கொலைக்குப் பின், அச்சுறுத்தும் நோக்கத்துடன் தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவம் அது. இவ்வத்தியாயத்தில், 1956ஆம் ஆண்டுக் கதையைப் பின்பற்றி, வௌவால் உடை கொலைக்கு முன்பே இருக்கிறது. தந்தை ஒரு விருந்தில் மகிழ்ச்சிக்காக அணிந்த உடை அது. இதன்படி விளையாட்டு முந்தியது, துயரம் பிந்தியது. மகன் அணிந்திருப்பது இழப்பின் சின்னமாக மட்டும் அமையாமல் தந்தையின் மகிழ்ச்சியினுடைய எச்சமாகவும் ஆகிறது. உவகையின் நிலைக்களனாக விளையாட்டு கூறப்படுவதை இங்கு நினைவுகூரலாம். மகிழ்வுநடைப் பேட்மேன் தன் துயரத்தை மறந்தவன் என்னும் குற்றச்சாட்டுக்கு அத்தியாயம் தரும் விடை இதுவே: அவனது மகிழ்வு, மறதியால் வந்ததன்று, அது மரபுரிமையாக வந்தது.

குரல்களின் வரலாறு

இவ்விடையை உறுதிசெய்வது குரல் கலைஞர்களின் தேர்வு. பேட்மேனுக்கு வழக்கம்போல் டீட்ரிக் பேடர் குரல் தர, தாமஸ் வெய்னுக்கு ஆடம் வெஸ்ட்டும் மார்த்தா வெய்னுக்கு ஜூலி நியூமரும் குரல் தந்தனர். 1966 முதல் 1968 வரை ஒளிபரப்பான ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரில் நாயகனாக நடித்தவர் வெஸ்ட். அதில் கேட்வுமனாக நடித்தவர்களுள் ஒருவர் நியூமர். 120 அத்தியாயங்கள் கொண்ட அத்தொடரே மகிழ்வுநடைப் பேட்மேனின் தாய்வீடு. ஆனால் பெற்றோரின் கொலை அதில் கதைப்பொருளாக விரிக்கப்படவேயில்லை. அத்தொடரின் நாயகனே இப்போது, கொல்லப்படவிருக்கும் தந்தையாகப் பேசுகிறார். மகிழ்வுநடைப் பேட்மேனுக்கு அவர் இருவகையிலும் தந்தை: கதைக்குள் உறவால், கலை வரலாற்றில் மரபால்.

இதற்கிடையே ஒரு கண்ணியும் உண்டு. 1985இல் ஒளிபரப்பான ‘தி சூப்பர் பவர்ஸ் டீம்: கேலக்டிக் கார்டியன்ஸ்’ தொடரில் ஆலன் பர்னெட் எழுதிய ‘தி ஃபியர்’ என்னும் அத்தியாயம், பேட்மேனின் பெற்றோர் இறப்பை அசைவூட்டத்தில் முதன்முதலாக எடுத்துக்கொண்டதாகச் சுட்டப்படுகிறது. 1973இல் தொடங்கிய ‘சூப்பர் ஃபிரண்ட்ஸ்’ வரிசையின் இறுதிப் பருவம் அது. அவ்வரிசை சிறுவர்க்கான எளிய சாகசங்களுக்குப் பெயர்பெற்றது. அதில் தன் அச்சத்தின் வேரை நினைவுகூரும் பேட்மேனுக்குக் குரல் தந்தவரும் ஆடம் வெஸ்ட்டே. மெய்ப்பாட்டியல் நோக்கில் அவ்வத்தியாயம் இழவை அச்சத்தின் காரணமாகக் காண்கிறது. நாயகன் அச்சத்தை வெல்வதோடு நிறைவடைகிறது. 2010ஆம் ஆண்டின் அத்தியாயம் இழவை வெகுளியின் காரணமாகக் காண்கிறது. 1985இல் இழந்த மகனின் குரலாக இருந்தது, 2010இல் இழக்கப்பட்ட தந்தையின் குரலாகிறது. விளையாட்டுத் தொடர் துயரத்தைத் தொடுவது தனி நிகழ்வாக அன்றி, கால் நூற்றாண்டு இடைவெளியில் வளர்ந்த ஒரு மரபாக இருப்பதை இது காட்டுகிறது.

மற்ற இரு குரல்களும் கருதத்தக்கவை. 1992ஆம் ஆண்டுத் தொடரில் பேட்மேனாகக் குரல் தந்த கெவின் கான்ராய் இங்கு ஃபான்டம் ஸ்ட்ரேஞ்சராகவும், அத்தொடரில் ஜோக்கராகக் குரல் தந்த மார்க் ஹாமில் ஸ்பெக்டராகவும் பேசுகின்றனர். நீதிக்காக வாதிடுபவர் முந்தைய பேட்மேன். பழிக்காக வாதிடுபவர் முந்தைய ஜோக்கர். இருண்ட நடைத் தொடரின் இரு துருவங்களும் மகிழ்வுநடை நாயகனின் உள்ளத்துக்காக வழக்காடுவதாக இது அமைகிறது.

குரல்களை அறிந்த மூத்த பார்வையாளருக்கு மட்டுமே இவை பொருள்படும். அறியாத சிறுவருக்கு என்ன கிடைக்கிறது என்னும் தடை எழலாம். இத்தடை தள்ளத்தக்கதன்று. ஒரு காட்சியின் உணர்வு, வெளித்தகவலைச் சார்ந்து மட்டும் நின்றால் அது கலைக்குறையே. ஆனால் விருந்துக் காட்சியிலிருந்து குரல் வரலாற்றை முற்றிலும் நீக்கிப் பார்த்தாலும், பெற்றோரை அறிந்த மகனும் மகனை அறியாத பெற்றோரும் எதிரெதிரே நிற்கும் நிலை அப்படியே எஞ்சுகிறது. சிறுவருக்கு விளங்குவது அந்நிலை. மூத்தோருக்குக் குரல் வரலாறு அதன்மேல் மற்றொரு அடுக்காகச் சேர்கிறது, அடித்தளமாக நிற்பதில்லை.

வெகுளியும் முடிவின் அறச்சிக்கலும்

அத்தியாயத்தின் பிற்பகுதியை ஆள்வது வெகுளி. அதன் நிலைக்களன்களுள் ‘குடிகோள்’ சுற்றத்துக்குக் கேடு சூழ்வதையும் ‘கொலை’ உயிர்பறிக்க முற்படுவதையும் குறிக்கும். நாயகனின் சினத்துக்கு இரண்டும் பொருந்துகின்றன. இச்சினம் நியாயமானது என்பதை அத்தியாயம் மறுக்கவில்லை. சிறுவர் படைப்புகளில் காணப்படும் எளிய வழி, சினமே தவறு என்று உபதேசிப்பது. அவ்வழியை டினி தவிர்த்துள்ளார். பழிவாங்கலை ஸ்பெக்டர் என்னும் ஆற்றல்மிக்க பாத்திரமாக நிறுத்தி அதன் வாதத்துக்குரிய இடத்தை அளிப்பது, சினத்தின் நியாயத்தை ஏற்றபின்னரே அதன் எல்லையை வினவுவதாகிறது. கடந்த காலப் பயணமும் இவ்வாதத்தின் ஒரு பகுதியே. பெற்றோரைக் காண்பது மகனின் இழப்பைப் பெரிதாக்குகிறது; ஆகவே சினத்தையும் பெரிதாக்கக்கூடும். அதே காட்சி, அவர்கள் எத்தகைய மனிதராக வாழ்ந்தனர் என்பதையும் நினைவூட்டுகிறது. எந்த விளைவு வெல்லும் என்பதே கதையின் உண்மையான ஐயம்.

நாயகன் சில்லைக் கொல்லவில்லை. பெருமிதத்தின் நிலைக்களனாகிய ‘தறுகண்’ பொதுவாகப் பகைவரிடம் அஞ்சாமையைக் குறிக்கும். இங்கு அது தன் சினத்துக்கும் அடிபணியாத உறுதியாக விரிகிறது. ஆனால் சில் இறந்துவிடுகிறான். இதுவே அத்தியாயத்தின் சிக்கலான இடம். 1948ஆம் ஆண்டுக் கதையில் சில்லைக் கொன்றவர்கள் அவன் கூட்டாளிகள். 1956ஆம் ஆண்டுக் கதையில் மாக்சன் ஓடும்போது சரக்குந்து மோதி இறக்கிறான். 2010இல் இடிபாடு. மூன்றிலும் நாயகன் தன் உருவை வெளிப்படுத்த, அதைக் கண்ட குற்றவாளி அஞ்சி ஓடி, பிறராலோ விபத்தாலோ மடிகிறான். நாயகனின் கை தூய்மையாக இருக்கிறது, பழியும் நிறைவேறிவிடுகிறது.

இதனைத் தணிக்கையின் விளைவாக விளக்கிவிடலாகாது. அமெரிக்கச் சித்திரக்கதைத் துறையின் தன்கட்டுப்பாட்டு விதிகள் 1954இல்தான் வந்தன. 1948ஆம் ஆண்டுக் கதை அதற்கு முந்தியது. எனவே இது வெளியிலிருந்து திணிக்கப்பட்டதன்று. இக்கதைமரபுக்குள்ளேயே உள்ள ஒரு தயக்கம். பார்வையாளர் குற்றவாளியின் அழிவையும் விரும்புகின்றனர், நாயகனின் தூய்மையையும் விரும்புகின்றனர். விபத்து இரண்டையும் ஒருங்கே தருகிறது. நீதி என்பது உயிரோடிருக்கும் குற்றவாளியை வழக்குமன்றத்தின் முன் நிறுத்துவது என்றால், அதன் கடினம் கொலையாளி வாழும் நாள்களில்தான் தொடங்கும். அக்கடினத்தை நாயகன் சுமக்கவேண்டிய தேவையை இறப்பு நீக்கிவிடுகிறது. ஸ்ட்ரேஞ்சரின் நம்பிக்கை மெய்ப்பிக்கப்பட்டாலும், அது முழுமையாகச் சோதிக்கப்படவில்லை எனலாம்.

எனினும் முந்தைய இரு கதைகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவற்றில் இறப்பு பெரும்பாலும் சூழ்ச்சியற்ற தற்செயலாக நின்று, அறவினா எழாமலே முடிகிறது. இங்கு நீதியா பழியா என்னும் வினா கதையின் தொடக்கத்திலேயே இருவர் வாயிலாக வெளிப்படையாக வைக்கப்படுவதால், முடிவின் விபத்து விடையாக நிறைவளிப்பதில்லை. வினாவைத் தெளிவாக எழுப்பியதனாலேயே தன் விடையின் குறையையும் அத்தியாயம் புலப்படுத்துகிறது. பழைய கதையை வியந்து மறுபதிப்புச் செய்வதற்கும், அதனைச் சிந்தனைக்கு உட்படுத்துவதற்கும் உள்ள இடைவெளி இது.

மற்றொரு குறையும் சுட்டத்தக்கது. இழவின் கனம் தந்தையிடமே குவிகிறது. இணைந்து போரிடும் மையக் காட்சியும், உடையின் மரபுரிமையும், மாக்சனின் பகையும் தாமஸைச் சார்ந்தவை. மார்த்தாவின் இழப்பு அவற்றின் நிழலில் நிற்கிறது. 1956ஆம் ஆண்டுக் கதையிலிருந்து பெறப்பட்ட இச்சாய்வைத் திருத்தும் வாய்ப்பு டினிக்கு இருந்தும், அது போதிய அளவில் பயன்படுத்தப்படவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ‘சில் ஆஃப் தி நைட்’ அத்தியாயம் தொடரின் வழக்கத்துக்கு மாறான விதிவிலக்காகப் பாராட்டப்படுவதைக் காட்டிலும், அவ்வழக்கத்தின் விளைவாகவே மதிப்பிடப்படவேண்டும். துணைநாயகர் மரபு, மாறுவேடம், காலப்பயணம் என்னும் விளையாட்டு உத்திகள் இல்லையெனில் மகனும் பெற்றோரும் சந்திக்கும் காட்சி தோன்றியிருக்காது. வௌவால் உடையைக் கொலைக்கு முந்திய மகிழ்ச்சிப் பொருளாகக் காட்டியதால், இப்பாத்திரத்தின் துயரத்துக்கு அடியில் விளையாட்டு இருப்பது வெளிப்படுகிறது. ஆடம் வெஸ்ட்டின் குரல் அக்கருத்தைக் கலை வரலாற்றோடு இணைக்கிறது. 1985ஆம் ஆண்டின் ‘தி ஃபியர்’ அத்தியாயம் இழவிலிருந்து அச்சத்துக்குச் சென்றது. 2010ஆம் ஆண்டின் அத்தியாயம் இழவிலிருந்து வெகுளிக்கும், அதிலிருந்து பெருமிதத்துக்கும் செல்கிறது. கொலையாளியின் தற்செயலான இறப்பு, 1948 முதல் தொடரும் கதைமரபின் தயக்கத்தை நீட்டிக்கிறது; அறவினாவின் முழுக் கனத்தையும் அது நாயகன்மேல் ஏற்றவில்லை.

சிறுவர் படைப்புகளில் இறப்பைப் பேசுவதா, தவிர்ப்பதா என்னும் வாதம் பெரும்பாலும் பொருளைப் பற்றியதாகவே நிகழ்கிறது. எவ்வடிவத்தில் பேசுவது என்பதே அதனினும் முதன்மையான வினா என்பதை இவ்வத்தியாயம் உணர்த்துகிறது. குழந்தை தான் அறிந்த விளையாட்டின் மொழியிலேயே இழப்பைச் சந்திக்கும்போது, துயரத்தை ஏற்பதற்காக மகிழ்ச்சியைத் துறக்கவேண்டும் என்னும் பாடத்தை அது கற்பதில்லை. சூப்பர் ஃபிரண்ட்ஸ் வரிசையிலும், பிற்காலத்து மகிழ்வுநடைச் சாகசத் தொடர்களிலும் இவ்வகை அத்தியாயங்களை ஒப்பிட்டு ஆராய்வது, நகைக்கும் அழுகைக்கும் உள்ள அணுக்கத்தை மேலும் தெளிவாக்கும்.